லிஃப்டுக்குள் வந்த கடல்

தாழைமேடு குடியிருப்பின் ஏழாம் பிளாக்கில், கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஓடாத லிஃப்டின் குழிக்குள் கடல் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் லாரி வரும் நேரத்தில். எட்டாவது மாடியில் குடியிருந்த பவுனம்மா, லிஃப்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டதைப் பார்த்து, கடைசியில் ஓட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று குடத்தோடு உள்ளே காலை வைத்தாள். கால் அலையில் பட்டது. அவள் கத்தவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "வந்துட்டியா? இம்மா நாளாச்சா உனுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கடல் காத்திருக்கும், லாரி காத்திருக்காது.

அப்புறம்தான் மாடிக்கு மாடி கதவைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் வாசலில் கண்ணாடிப் பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது, ஒரு சொட்டுக்கூட வராந்தாவில் சிந்தவில்லை. கையை விட்டால் நனைந்தது, எடுத்தால் காய்ந்து உப்புப் பூத்தது. தரைத்தளத்தில் திறந்தால் கடலின் அடிமணல், அதில் நண்டு ஓடியது. நடு மாடிகளில் சங்கரா மீனும் வவ்வால் மீனும் இருட்டுக்குள் வெள்ளி வெள்ளியாய்த் திரும்பின. எட்டாவதில் மேல்கடல், காற்று, வெயில், தலையை உள்ளே நீட்டிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் தொடுவானம். லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர் தண்ணீர் வடிந்த பிறகு வருகிறேன் என்று போனார். தண்ணீரைப் பார்க்க வந்த பொறியாளர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இது நம்ம சப்ளை இல்லை, நம்ம சப்ளையில இவ்வளவு உப்பு வராது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டு அவரும் போனார்.

அந்தப் பிளாக்கில் பாதிப் பேர் சங்குமுனைக் குப்பத்து மீனவர்கள். ஒரு பெரும்புயலுக்குப் பிறகு, தற்காலிகமாகத்தான் என்று சொல்லி, கடலிலிருந்து பஸ்ஸில் ஒருமணி நேரத் தூரத்துக்குக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள். மீதிப் பாதிப் பேர் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள், வலை என்றால் கொசுவலை மட்டும் தெரிந்தவர்கள். குப்பத்து ஆண்கள் பெயிண்ட் அடிக்கவும் ஆட்டோ ஓட்டவும் காவலுக்கு நிற்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே கடல் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் பெண்கள். பரண்மேல் கிடந்த வலைகளை இறக்கித் தூசு தட்டியவர்களும் அவர்களே.

இந்த நிலைமையில்தான் பேராசிரியர் சௌதாமினி ஏழாம் பிளாக்குக்கு வந்து சேர்ந்தாள்.

சௌதாமினி மானுடவியல் படித்தவள். இளம்பெண்ணாகச் சங்குமுனைக் குப்பத்துக்கு வந்து, இரண்டு மழைக்காலம் அங்கேயே ஓலை வீட்டில் தங்கி, எதைப் பார்த்தாலும் ஏன், எப்போதிலிருந்து, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் 'கேள்வியக்கா' என்று பெயர் வாங்கியவள். அவளுடைய தொழிலில் ஒருமுறை பார்த்தால் போதாது. பார்த்துவிட்டுப் போகவேண்டும், வருஷங்கள் ஓடவிட்டுத் திரும்பி வரவேண்டும், போனது எது, நின்றது எது, நிற்பதுபோல் தோன்றிக்கொண்டே மாறிப்போனது எது என்று மறுபடியும் பார்க்கவேண்டும். அப்படி அவள் பலமுறை வந்திருக்கிறாள். இந்த முறை அவளை அனுப்பியது ஒரு விசாரணை ஆணையம். சங்குமுனைக் கரையில் உல்லாசப் படகுத்துறை கட்ட ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. கரை எங்கள் பாரம்பரிய உரிமை என்று குப்பத்துக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். கரையை விட்டுப் போய் இத்தனை வருஷம் ஆன பிறகு இவர்கள் இன்னும் அதே சமூகம்தானா என்பதே கேள்வி. 'ஆம்' என்றால் கரை அவர்களுக்கு. 'இல்லை' என்றால் படகுத்துறைக்கு.

வரும் வழியெல்லாம் சௌதாமினிக்கு ஒரே பயம். 'இல்லை' என்று சொல்லவேண்டி வந்துவிடுமோ என்று.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். சௌதாமினி முதலில் வந்தபோது புதுப்பெண்ணாய்க் கூடை சுமந்தவள், இப்போது பிளாக்கில் அவள் குரலுக்கு மறுகுரல் கிடையாது.

"இன்னா கேள்வியக்கா, தலையெல்லாம் வெள்ளையாப் பூட்சு. கேள்வியெல்லாம் தீந்துச்சா இல்லியா?"

"தீரலை அஞ்சலாட்சி. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அது என்னன்னு உனக்கே தெரியும்."

"தெரியும், தெரியும். முதல்ல மேல வா. கடல் வந்துகீது, பாத்துட்டு டீ குடி."

சௌதாமினி பார்த்தாள். ஐந்தாம் மாடி வாசலில் ஒரு திருக்கை மீன் போர்வையை உதறியதுபோல் அவளைக் கடந்து போனது. எத்தனையோ ஊர்களில் எதையெதையோ பார்த்து, வியப்பை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மனிதர்களைப் பார்க்கப் பழகியவள் அவள். ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வலையை யார் பிடித்திருக்கிறார்கள், யார் யாருக்கு எட்ட நிற்கிறார்கள், மீன் எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்தாள்.

அன்று முழுக்கக் கேட்டாள். அஞ்சலாட்சியின் மகள் செம்பருத்தி வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தாள். காற்றுகளின் பெயர் கேட்டால் "ஃபேன் காத்து, ஏசி காத்து" என்று சிரித்தாள். கட்டுமரம் கட்டத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. கடலுக்குப் போகுமுன் சொல்லும் சொற்களை யாரும் சொல்வதில்லை. குப்பத்தைப் பற்றிய தன் முதல் புத்தகத்தில் சௌதாமினி எழுதி வைத்த ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் இல்லை.

"அப்பல்லாம் பொம்பளைங்க வலையைத் தொடக்கூடாதுன்னு இருந்துச்சே?" என்று கடைசியில் கேட்டாள்.

"அது கரைக்கு. இது லிஃப்டு. லிஃப்டுக்கு அப்டின்னு யாரும் சொல்லலியே" என்றாள் அஞ்சலாட்சி.

சௌதாமினி சிரித்தாள். "நான் பார்க்கிறதைத்தான் சொல்லுவேன், அஞ்சலாட்சி. உங்களுக்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்."

"நாங்க உன்னைப் பொய்யா சொல்லச் சொன்னோம்? நல்லா பாரு. பாத்துட்டுச் சொல்லு. நீ அவசரத்துல எதையாச்சும் பாக்காம பூடுவியோன்னுதான் எனுக்குப் பயம்."

கடல் வந்து நிற்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை, அதை யார் எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் பிளாக்கே இரண்டுபட்டுக் கிடந்தது. எட்டாம் மாடிக்காரர்களுக்கு வஞ்சிரம் கிடைத்தது, தரைத்தளத்துக்கு நண்டு மட்டும். ஆற்றங்கரைக்காரர்கள் லிஃப்டு எல்லாருக்கும் பொது என்றார்கள்; குப்பத்துக்காரர்கள் லிஃப்டு பொது, கடல் எங்களுடையது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். பழைய நாளில் இந்தக் கூட்டம் மணலில் நடக்கும், ஆண்கள் மட்டும் பேசுவார்கள், பெண்கள் படகு மறைவில் நின்று கேட்பார்கள். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேலை விடுப்பில் இருந்த ஆண்கள் பைக்குகள்மேல் சாய்ந்து நின்றார்கள், வர முடியாதவர்கள் போனில் குரல் அனுப்பினார்கள்.

ஆற்றங்கரைக்காரர்கள் பக்கத்திலிருந்து பிலோமினா எழுந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள், ஐந்தாம் மாடி. "எங்க ஆத்தைப் புடுங்கிக்கினு இங்க தள்ளுனாங்க. உங்க கடலைப் புடுங்கிக்கினு இங்க தள்ளுனாங்க. உங்க கடல் உங்களைத் தேடிக்கினு வந்துச்சு, எங்க ஆறு வரலை. வந்ததையும் தொடாதன்னு சொன்னா நாங்க எங்க போறது?"

குப்பத்து ஆள் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அஞ்சலாட்சி அவனைப் பார்த்தாள், மூடிக்கொண்டான். பிறகு அவளே பேசினாள். மாடிக்கு ஒரு நாள் பாடு, வலை போடும் முறை. இன்றைக்கு எந்த மாடியின் முறையோ, அவர்கள் எட்டு மாடிக் கதவிலும் வலை போடலாம், எல்லா ஆழத்து மீனும் அவர்கள் பொறுப்பு. பிடித்ததில் முதல் பங்கு புருஷன் இல்லாதவளுக்கும் கைகால் விளங்காதவருக்கும். அப்புறம், கயிற்றைத் தொட்ட எல்லாருக்கும் பங்கு. எந்த ஊர், எந்த ஆறு என்று கேட்பதற்கில்லை. கயிற்றைத் தொட்டவர் பங்கு வாங்காமல் போனால் அது பிளாக்குக்கே அவமானம். போகவிட்ட மாடிக்கு ஒரு பாடு வெட்டு, அடுத்த முறை அவர்கள் வலை போடக்கூடாது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சௌதாமினி எழுதுவதை நிறுத்தினாள். இந்தச் சண்டையை அவள் முன்பே கேட்டிருந்தாள். குப்பத்துக்கு முதல் நைலான் வலை வந்த வருஷம், அதை வாங்கியவனுக்கு மட்டும் மீன் படுகிறது, மற்றவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மணலில் இதே சண்டை நடந்தது. அன்றைக்கும் அலசி அலசி, அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசி, கடைசியில் வந்து நின்ற இடமும் இதுதான், கயிற்றைத் தொட்டவருக்கெல்லாம் பங்கு. அன்று அவள் நைலானால் அழிந்துபோன பருத்தி வலைக்காக வருத்தப்பட்டு எழுதினாள். அந்தப் பருத்தி வலையே அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் எங்கிருந்தோ வந்த புதுமை என்பதும், அதற்கும் இதே மாதிரி ஒரு சண்டை நடந்திருக்கும் என்பதும் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. வலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சண்டையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக.

விசாரணை நாளன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. ஆணையர் பூவராகன் கூர்மையான, சிரிக்கத் தெரியாத, ஆனால் நேர்மையான மனிதர். நிறுவனத்தின் வக்கீல் மென்மையாகவே கேட்டார்.

"கட்டுமரம் இருக்கிறதா, மேடம்?"

"இல்லை."

"காற்றின் பெயர்கள், கடலுக்குப் போகுமுன் செய்யும் சடங்குகள்?"

"மறந்துவிட்டார்கள்."

"பெண்கள் வலையைத் தொடக்கூடாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது?"

"பெண்கள்தான் இழுக்கிறார்கள்."

ஒவ்வொரு பதிலுக்கும் மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அஞ்சலாட்சி மட்டும் அசையாமல் சௌதாமினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, அவர்கள் அதே சமூகம் இல்லை."

"அது வேற கேள்வி" என்றாள் சௌதாமினி. "நான் முதல்ல போனப்போ பார்த்தது எல்லாம் ஆதிகாலத்து வழக்கம்னு நினைச்சேன். பாதி அவங்க தாத்தா காலத்துல புதுசா வந்தது. மாறாத ஒரு நாளை நான் அங்க பார்த்ததே இல்லை, ஐயா. எதை மாத்தினாலும் எப்படி மாத்துறாங்கங்கிறது மட்டும் மாறலை. அதை இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது. நீங்க வந்து பார்க்கணும்."

வக்கீல் எழுந்து நின்றார். இதற்காகவே காத்திருந்தவர் போல் முகம் மலர்ந்தது. "தாராளமாகப் பார்க்கலாம். அங்கே லிஃப்டில் கடல் இருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். கடலே வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அவர்களுக்குக் கரை எதற்கு?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். தங்களைத் தேடி வந்த கடலே தங்களுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டதே என்று பவுனம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆணையர் பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வருகிறேன். இரண்டு தரப்பும் இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் ஐந்தாம் மாடியின் பாடு. ஆணையரும் வக்கீலும் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறி வந்து சேர்ந்த நேரம், வலையில் என்ன பட்டதோ, இருபுறமும் பெண்கள் பிடித்திருந்த கயிறு வெடவெடவென்று ஆடியது. செம்பருத்தி வேலைச் சட்டையோடு ஓடிவந்து பிடித்தாள். பவுனம்மா பிடித்தாள். வராந்தா முழுக்கக் கயிறாயிற்று, கயிறு முழுக்கக் கையாயிற்று. ஏலேலோ தெரிந்தவர்கள் ஏலேலோ போட்டார்கள், ஆற்றங்கரைக்காரர்கள் கான்கிரீட் போடும்போது பாடும் பாட்டைப் போட்டார்கள், இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று ஆனது. முன்னால் நின்ற பிலோமினாவின் கால் வழுக்கியது. கதவுக்குள் இடுப்புவரை போய்விட்டாள். ஆணையர் பூவராகன் யோசிக்கவில்லை. கோப்பைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தார். அவர் பின்னால் நின்ற வக்கீலும் ஆணையரின் இடுப்பைப் பிடித்து, போதாமல், கயிற்றையே பிடித்தார்.

வலை வந்தது. வராந்தா முழுக்க மீன் கொட்டியது. பாறை, வஞ்சிரம், வவ்வால், கணவாய், பேர் தெரியாத நீலநிற மீன்கள், துள்ளித் துள்ளிப் படிக்கட்டு இறங்கிப் போகிறவை. எட்டு மாடியிலும் குலவை எழுந்தது. பிலோமினா நனைந்த தலையோடு உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

பங்கு பிரித்தார்கள். முதல் பங்குகள் போயின. அப்புறம் அஞ்சலாட்சி இரண்டு கூறு எடுத்து வந்து ஆணையர் முன்னும் வக்கீல் முன்னும் வைத்தாள்.

பூவராகன் ஒரு அடி பின்வாங்கினார். "அம்மா, நான் விசாரிக்க வந்தவன். ஒரு மீன்முள்கூட வாங்கக் கூடாது. அது லஞ்சம்."

"லஞ்சம் இல்ல சார். பங்கு. கயித்தைத் தொட்டீங்க."

"வேண்டாம் என்கிறேன்."

"வேணாம்னு சொல்ல உங்களுக்கும் பாத்தியதை இல்ல, குடுக்காத இருக்க எங்களுக்கும் பாத்தியதை இல்ல. நீங்க வாங்காம படி எறங்குனா அஞ்சாம் மாடிக்கு ஒரு பாடு வெட்டு. கூட்டத்துல வெச்ச சட்டம்."

"நான் எதிர்த்தரப்பு" என்றார் வக்கீல், ஈரக் கையை உதறிக்கொண்டு.

"நீ எந்தக் கட்சின்னு கயிறு கேட்டுச்சா?" என்றாள் அஞ்சலாட்சி.

படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை, குரல் உயர்த்தவில்லை. வழி மட்டும் இல்லை. குப்பத்துக்காரர்களைவிடப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஆற்றங்கரைக்காரர்கள். ஆணையர் திரும்பி, சுவரோரமாக நின்றிருந்த சௌதாமினியைப் பார்த்தார்.

"மேடம், இது என்ன?"

சௌதாமினி சுவரை விட்டு முன்னால் வந்தாள். "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில், ஐயா. பாரம்பரியம் உயிரோட இருக்கான்னு கேட்டீங்க. செத்துப்போன சட்டம் யாரையும் கட்டாது. இது அவங்களைக் கட்டுது, நேத்துவரைக்கும் கடலையே பார்க்காத ஆத்தங்கரைக்காரங்களைக் கட்டுது, எதிர்த்தரப்பு வக்கீலைக் கட்டுது. இப்போ உங்களையே கட்டி நிறுத்தியிருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னே கரையில நான் பார்த்ததும் இதைத்தான். பார்த்தும் தெரிஞ்சுக்கலை." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கடல் வந்துட்டதே, கரை எதுக்குன்னு நேத்து கேட்டாங்க. கடல் தானா வரலை. இந்தச் சட்டம் எங்க இருக்கோ அதைத் தேடி வந்திருக்கு. கரைக்கும் இதே சட்டம் வேணும், அது இவங்ககிட்டதான் இருக்கு."

பூவராகன் கீழே கிடந்த கூறைப் பார்த்தார். ஒரு நடுத்தரப் பாறை மீன், இரண்டு வவ்வால், கொஞ்சம் கணவாய். எல்லாருக்கும் வைத்த அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் மெதுவாகக் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யார் வீட்டிலும் காபிகூட வாங்கிக் குடிக்காத அந்த மனிதரின் கையில் மீன் ஒருமுறை துள்ளியது, அவர் சிரித்துவிட்டார். வக்கீலும் தன் கூறை எடுத்துக்கொண்டார். அதில் கணவாய் இல்லையே என்று முணுமுணுத்தார், செம்பருத்தி மாற்றிக் கொடுத்தாள்.

ஆணையரின் உத்தரவு அடுத்த மாதம் வந்தது. விசாரணையின்போது தனக்குச் சேரவேண்டிய மீன் பங்கைத் தான் பெற்றுக்கொண்டதை முதல் பத்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லி, மறுக்கத் தனக்கு அதிகாரம் இருக்கவில்லை என்றும், தன்னையே கட்டுப்படுத்திய ஒரு வழக்கத்தை வழக்கொழிந்தது என்று எழுதத் தன்னால் இயலாது என்றும், சங்குமுனைக் கரை அதன் மக்களுக்கே என்றும் அவர் எழுதியிருந்தார்.

கரைக்குப் போன காலையில் ஏழாம் பிளாக் முழுவதும் கிளம்பியது. வேனிலும் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி, மேளம் முழங்க, வலைகளைப் பஸ் மேல் கட்டி, வழியெல்லாம் நின்று பார்த்தவர்களுக்குக் கையாட்டிக்கொண்டு போனார்கள். கடல் லிஃப்டில் அப்படியே இருந்தது. பிளாக்கிலேயே தங்க நினைத்தவர்கள் பாடு மாறாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சங்குமுனையில் மணல் வெயிலில் பளபளத்தது. பவுனம்மா மணலில் விழுந்து புரண்டாள். பைபர் படகுகளைப் பெண்களும் ஆண்களும் தோள்கொடுத்துத் தள்ள, முதல் அலை முகத்தில் அறைய, அஞ்சலாட்சி படகில் ஏறி நின்று, கரையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினாள். எழுந்த கூச்சலில் காக்கைகள் கலைந்து பறந்தன.

அடுத்த நிமிஷமே சண்டை ஆரம்பித்தது. முதல் வலை யாருக்கு என்று. எட்டாம் மாடி வகையறாவுக்குத்தான் என்றார்கள் சிலர். தரைத்தள வகையறாதான் மூத்தது என்றார்கள் வேறு சிலர். சௌதாமினி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முன்பு இந்தக் குப்பத்தில் நாலு வகையறாக்கள் இருந்தன, பெரியவர்களின் பெயரால். அந்தப் பெயர்களை இப்போது யாரும் சொல்லவில்லை. அவள் மனதுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் நுரைத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகி, தன் முறைக்காகக் கயிற்றோடு நின்றிருந்த பிலோமினாவிடம் பழைய வழக்கப்படி கேட்டாள்.

"நீங்க எந்த வகையறா, பிலோமினா?"

"அஞ்சாம் மாடி வகையறா" என்றாள் பிலோமினா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எப்போதிலிருந்து?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பிலோமினா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆதியிலேர்ந்தே அப்டித்தான், கேள்வியக்கா" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அலைக்குள் இறங்கிப் போனாள்.